ஆறு சக்கரத்தில் ஒரு வீடு

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்றார்கள் நம் பெரியவர்கள். வீட்டை ஓட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு பாடமே வைக்க வேண்டியிருந்திருக்கும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் டாலஸ் நகரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை, சமையலறையும் கழிப்பறையும் படுக்கையும் கொண்ட ஒரு வீட்டு வண்டியில் எட்டு நாள் பயணம் செய்தேன். அந்த வண்டி எப்படி இயங்குகிறது, அதை எங்கெங்கே நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்பனவற்றை நம் கல்லூரி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசுக் கலைக் கல்லூரி மாணவனுக்கு இப்பயணம் எப்படி வாய்த்தது என்று கேட்பீர்கள். என் ஆயாவுக்குத் துணையாகப் போனேன். (எங்கள் விழுப்புரம் பக்கத்தில் தாயைப் பெற்றவளை ஆயா என்றே அழைப்போம்.) ஆயாவுக்கு வயது 76, சர்க்கரை நோய் உண்டு. தாய்மாமா டாலஸில் பொறியாளர். சித்தி லாஸ் ஏஞ்சல்ஸின் புறநகர் ஒன்றில் இருக்கிறார். சித்திக்கு அப்போது புற்றுநோய் மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. மகளை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஆயா முதன்முதலாக விமானம் ஏறினாள்.

சென்னையிலிருந்து டாலஸ் போய் இறங்கியபோது ஆயாவின் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. இரத்தக்கட்டி இல்லை என்று சோதித்துச் சொன்ன மருத்துவர், இன்னும் சில வாரங்களுக்கு நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்காரவே கூடாது என்றார். ஒன்றரை மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், காலை உயர்த்திப் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். மறுபக்கம் சித்தியின் நிலை வேறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவருக்கு மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறிய இரண்டாம் வாரத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது யாரும் சளி காய்ச்சலோடு அருகில் போகக்கூடாது. மூன்றாம் வாரத்தில் கொஞ்சம் தெம்பு வரும். அடுத்த மருந்து ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறன்று, கூட்டத்தில் கலந்து நோய்த்தொற்று எதையும் வாங்கிக்கொள்ளாமல், ஆயா போய்ச் சேர வேண்டும். இப்படி இரண்டு கணக்குகளையும் கூட்டிக் கழித்துத்தான் மாமா வாடகைக்கு ஒரு வீட்டு வண்டியை அமர்த்தினார்.

அமெரிக்கர் இவ்வண்டியை ‘ஆர்.வி.’ என்று இரண்டெழுத்தில் சொல்கிறார்கள். உல்லாச ஊர்தி என்று பொருள். பேருந்து போன்ற உருவம் உடையது ஏ வகை. வேன் அளவே உள்ளது பி வகை. லாரியின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் வீட்டைப் பொருத்தியது சி வகை. எங்களுடையது சி. ஓட்டுநரின் தலைக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நானும் மாமா மகனும் படுத்தோம். பின்பக்கம் ஆயாவுக்கு ஒரு கட்டில். மேசையை இறக்கினால் அது மாமாவுக்கும் அத்தைக்கும் படுக்கை. இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும் என்பது எனக்கு வியப்பளித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது கட்டிலில் படுத்துக்கொண்டு போகலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஆபத்து. ஓடும்போது இருக்கையில் பட்டை மாட்டித்தான் உட்கார வேண்டும். ஆகவே ஆயா படுக்க வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். எங்கள் பயணத்தில் தூரத்தை அளந்தது மைல்கல் அன்று, ஆயாவின் கால்தான்.

அந்நாட்டு நெடுஞ்சாலைகள் இதற்கு வசதியாகவே அமைந்திருக்கின்றன. சாலையோரம் ஆங்காங்கே ஓய்விடங்கள் உண்டு. கழிப்பறை, நிழல், கல்மேசை, நடக்க ஒரு பாதை இருக்கும். கிழக்கு மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் மைல் எண்கள் பொதுவாக மாநிலத்தின் மேற்கு எல்லையில் தொடங்கிக் கிழக்கு நோக்கி ஏறுகின்றன. சாலையிலிருந்து விலகும் வழிகளுக்கும் அந்த எண்ணே பெயர். நாங்கள் மேற்கே போனதால் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நியூ மெக்சிகோவில் 373-இல் தொடங்கியது, அரிசோனாவில் 359-இல். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் ஆயா எண்களை நன்றாகப் படிப்பாள். “இன்னும் நூத்திப் பத்துதான்” என்று அவளே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இனி வண்டியின் வயிற்றுக்குள் போவோம். தரைக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீர். எங்கள் வண்டியில் 40 காலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். இரண்டாவதில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும். அதைச் சாம்பல் நீர் என்கிறார்கள். மூன்றாவது கழிப்பறைத் தொட்டி. அது கறுப்பு நீர். ஐந்து பேருக்கு 150 லிட்டர் என்றால் ஆளுக்கு 30. தூம்புக் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் ஒருவரே அந்த அளவைத் தாண்டிவிடலாம். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசும் முறையை அத்தை சட்டமாகவே போட்டுவிட்டார். ஆயாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் குடும்பம் நடத்தியவள் அவள். ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று தட்டைக் கழுவினாள்.

கழிவை இறக்குவது தனிக் கலை. தங்குமிடங்களில் தரையில் ஒரு வாய் இருக்கும். பெரிய குழாயால் வண்டியை அதோடு இணைக்க வேண்டும். முதலில் கறுப்பு நீரை விட வேண்டும். பிறகு சாம்பல் நீரை விட்டால் அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வண்டி இரவு முழுதும் இணைப்பில் நின்றாலும் கறுப்புத் தொட்டியின் அடைப்பைத் திறந்து வைக்கக் கூடாது. திறந்தால் நீர் மட்டும் வடிந்துபோய், திடப்பொருள் கட்டியாக நின்றுவிடும். தொட்டி பெரும்பகுதி நிரம்பிய பிறகு ஒரே வேகத்தில் விட வேண்டும்.

மாமா முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு இதைச் செய்வதை ஆயா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து வண்டியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவராம். “உங்க தாத்தா இத ஒரு நாளு செஞ்சிருப்பாரா?” என்று ஆயா என்னைக் கேட்டாள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை நம் நாட்டில் 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் மற்றொரு சட்டமும் தடுத்திருக்கின்றன. ஆயினும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மாண்டவர் பற்றிய செய்தி நம் நாளேடுகளில் இன்னும் நின்றபாடில்லை. தன் வீட்டுக் கழிவைத் தன் கையால் இறக்கிவிட்டு, கை கழுவிக் காப்பி குடிக்கப் போகும் ஒரு பல் மருத்துவரை நம் தெருக்களில் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை. கருவியும் குழாயும் அங்கே நன்றாக இருக்கின்றன என்பது உண்மைதான். கருவி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

மின்சாரக் கணக்கு நம் முதலாண்டு மாணவருக்கும் புரியும். தங்குமிடத்துக் கம்பத்தில் எங்கள் வண்டிக்குக் கிடைத்தது 120 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினால் 3,600 வாட். குளிர்சாதனத்துக்கு 1,500, வெந்நீர்க் கெண்டிக்கு 1,500, சோறு வைக்கும் மின்குக்கருக்கு 700. மூன்றையும் ஒருசேரப் போட்டால் 3,700. உடனே இணைப்பு துண்டித்துக்கொள்ளும். ‘சோறு வேகும் வரை காப்பி கிடையாது’ என்று மாமா மகன் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டான். விளக்கும் தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டாரும் 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும். குளிர்சாதனம் அதில் ஓடாது. அதற்கு வண்டியிலேயே மின்னாக்கி உண்டு. ஆனால் தங்குமிடங்களில் இரவு அமைதி நேரத்தில் மின்னாக்கியை ஓட்ட விடமாட்டார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது குளிர்ப்பெட்டி. அது எரிவாயுச் சுடரில் இயங்கியது. நெருப்பு மூட்டிக் குளிரை உண்டாக்குவதா என்று கேட்கத் தோன்றும். அம்மோனியா கலந்த நீரைக் கீழிருந்து சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகிறது. வெளிப்புறத் தகடுகளில் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. அந்த நீர்மம் ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் வடியும்போது அம்மோனியாவின் பகுதி அழுத்தம் தாழ்வாக இருப்பதால் மறுபடி ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டியின் உள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு நீர் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. 1922-இல் சுவீடனில் பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இரு பொறியியல் மாணவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மாணவர்கள் என்பதை நம் வகுப்பு நண்பர்கள் கவனிக்க! இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் மின்கலத்தில் ஓடும் சாதாரணக் குளிர்ப்பெட்டியே வைக்கிறார்கள்.

இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. நீர்மம் தன் எடையாலேயே வடிந்து ஓடுவதால், வண்டி சாய்வாக நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிக் குளிர் நின்றுபோகும். எங்கள் குளிர்ப்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஆயாவின் இன்சுலின் இருப்பு இருந்தது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோரிடத்திலும் வண்டி நின்றதும் என் வேலை, கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பது. குமிழி நடுவில் வரும் வரை சக்கரத்துக்கு அடியில் பலகைகளைச் செருகி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துவோம். பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும் எரிவாயுவை அடைத்து, சுடரை அணைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

பெட்ரோல் என்றதும் செலவு நினைவுக்கு வருகிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கூடக் கொடுக்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் 600 லிட்டருக்கு மேல் குடித்தது. வாடகையும் தங்குமிடக் கட்டணமும் சேர்த்தால், ஐவரும் விமானத்தில் போயிருந்தால் ஆகும் செலவைவிட இது அதிகம். சிக்கனத்துக்காக இவ்வண்டியை எடுப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டா.

டெக்சாஸின் வடமேற்கு மூலையில் அமரில்லோ என்னும் நகரம். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவு காற்று பிடித்துக்கொண்டது. தடுக்க மலையோ மரமோ இல்லாத சமவெளி. எங்கள் வண்டியோ பெட்டி போல உயரமானது. பக்கக்காற்று அடித்தால் பக்கத்துத் தடத்துக்கே தள்ளிவிடும். மறுநாள் புறப்பட்டால் ஞாயிறன்று சேரலாம்; நின்றால் ஒரு நாள் போகும். மாமா காலையில் நான்கு முறை வெளியே வந்து கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கடைசியில் ஆயாதான் முடிவு சொன்னாள்: “அவளப் பாக்கப் போறோம். நம்மள அவ ஆஸ்பத்திரில வந்து பாக்குற மாதிரி ஆயிடக் கூடாது.” அன்று முழுவதும் அங்கேயே நின்றோம். சித்தியைத் தொலைபேசியில் அழைத்துத் திங்களன்று வருகிறோம் என்றோம். “வியாழனுக்கு முன்னாடி எப்ப வந்தாலும் சரி” என்றார்.

அமரில்லோவிலிருந்து மேற்கே செல்லும் 40-ஆம் எண் நெடுஞ்சாலை, புகழ்பெற்ற 66-ஆம் எண் சாலையை ஒட்டியே போகிறது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 1926-இல் அறிவிக்கப்பட்ட அச்சாலை வழியாகத்தான், 1930-களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலம் இழந்த உழவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய கார்களில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். வண்டியே வீடான கதை அங்கே உல்லாசத்தில் மட்டும் தொடங்கியதன்று. 1956-இல் புதிய நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமாகி, அகன்ற சாலைகள் வந்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு போனபின், பழைய சாலை 1985-இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ட்யூகம்காரி போன்ற சிற்றூர்களில் அக்காலத்து விடுதிகளின் வண்ண விளக்குப் பலகைகள் இன்னும் நிற்கின்றன.

அந்த விடுதிகளில் எல்லோரும் தங்க முடிந்ததா என்றால் இல்லை. கறுப்பின மக்களுக்குப் பல ஊர்களில் அறையும் கிடைக்காது, உணவும் கிடைக்காது. எங்கே நிறுத்தினால் மானத்தோடு தங்கலாம் என்று சொல்வதற்காகவே விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் நியூயார்க் தபால்காரர் 1936-இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிடத் தொடங்கினார். பொது விடுதிகளில் நிறம் பார்ப்பது குற்றம் என்று சட்டம் வந்தது 1964-இல். நம் ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிறு நூலின் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அரிசோனாவில் கல்மரக் காட்டில் இறங்கினோம். 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் மண்ணுக்குள் புதைந்து, மரம் இருந்த இடத்தில் மணற்சத்து புகுந்து, கல்லாகவே கிடக்கின்றன. சிவப்பும் மஞ்சளுமாக மின்னுகின்றன. ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது. நம் திருவக்கரையில் கிடப்பவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுடையவை. எண்ணிப் பார்த்தால் அவை இவற்றுக்குப் பேரப்பிள்ளைகள். “நம்மூரு கல்லுமரம் இங்கயும் கீதே” என்று ஆயா தடவிப் பார்த்தாள். அன்று அவள் கைத்தடியோடு அரை மணி நேரம் நடந்தாள். கால் வீக்கம் பாதியாகியிருந்தது.

அன்றிரவு தங்கிய இடத்தில் கழிப்பறைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மையாருக்கு ஆயாவின் வயதுதான் இருக்கும். ஓரமாக நின்ற ஒரு பழைய இழுவை வண்டிதான் அவர் வீடு. கணவர் இறந்தபின் ஓய்வூதியம் வீட்டு வாடகைக்குப் போதவில்லையாம். இங்கே வேலை செய்தால் வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் இலவசம். குளிர்காலத்தில் தெற்கே போய்விடுவாராம். இப்படி வாழ்பவர்களைப் பற்றி ஜெசிக்கா ப்ரூடர் 2017-இல் எழுதிய ‘நோமாட்லேண்ட்’ என்னும் நூல் பின்னர்த் திரைப்படமாகி ஆஸ்கார் பரிசும் பெற்றது. அத்தை கொடுத்த இட்லியை அவர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை தட்டைக் கழுவி, அதில் நான்கு பிஸ்கோத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெறுந்தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் வழக்கம் போலும். ஆயாவுக்கு அவர்மேல் கோபமோ, அவர் பிள்ளைகள்மேல் கோபமோ தெரியவில்லை. வெகுதூரம் வரை பேசாமல் வந்தாள்.

ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புளூட்டோவை 1930-இல் கண்டுபிடித்த வானாய்வகம் அங்கேதான். இயற்பியல் மாணவனுக்கு அது கோயில். நாளில்லை, சாலையிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அதன்பின் இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்க வேண்டும். நீடில்ஸ் என்னும் எல்லை ஊர் வந்தபோது வெப்பம் 41 டிகிரி.

கலிஃபோர்னியாவில் நுழைகிற வண்டிகளை அங்கே வேளாண்மைச் சாவடியில் நிறுத்திப் பழம், செடி ஏதேனும் உண்டா என்று கேட்கிறார்கள். எங்களிடம் இல்லை. சித்திக்கென்று ஆயா ஆசையாகக் கேட்ட கறிவேப்பிலைக் கன்றை மாமா டாலஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். காரணம் இதுதான்: ஆசியாவிலிருந்து போன ஒரு சிறு பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களின் சாற்றை உறிஞ்சி, மருந்தில்லாத ஒரு நோயை மரத்துக்கு மரம் பரப்புகிறது. பழம் சரியாகப் பழுக்காமல், கசந்து, உதிர்ந்துவிடும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அப்பூச்சிக்கு மிகவும் உகந்தது. கலிஃபோர்னியாவில் பூச்சி 2008-இலும் நோய் 2012-இலும் காணப்பட்டன. இவ்வளவையும் மாமா விளக்கியபின் ஆயா சொன்னாள்: “பூச்சிக்குத் தெரியுது கறிவேப்பிலை ருசி.”

பாலைவனத்தின் நடுவே பார்ஸ்டோவில் கடைசி இரவு. திங்கள் நண்பகல் சித்தி வீட்டு வாசலில் வண்டி நின்றது. யாருக்கும் தும்மல்கூட இல்லை. முகக்கவசமும் தலையில் ஒரு துணித் தொப்பியுமாகச் சித்தி வெளியே வந்தார். ஆயா இறங்குவதற்குள் அவரே படியேறி உள்ளே வந்துவிட்டார். இருவரும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம். வீட்டுக் கொல்லையில் ஆளுயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் ஒன்று நின்றது. அந்த வட்டாரத்தை விட்டு அதன் இலையை வெளியே கொண்டுபோகத்தான் தடையாம்.

அந்த ஊரில் இத்தகைய வண்டியை இரவில் தெருவில் நிறுத்த விதி இல்லை. மாலையே தொட்டிகளைக் காலி செய்து, தரையைத் துடைத்து, நானும் மாமாவும் வாடகைக் கூடத்தில் ஒப்படைத்தோம். அங்கிருந்தவர் மைல் கணக்கைப் பார்த்து 1,512 என்று குறித்துக்கொண்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். இன்சுலினை முன்பே எடுத்துவிட்டிருந்தோம். தோசை மாவு ஒரு கிண்ணம் மட்டும் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு வந்தோம்.